டாப் பேர் வந்தால் எவ்வளவு போடுவது? சின்னதாகப் போட்டாலும் அடி, பெரிதாகப் போட்டாலும் அடி

பாறைக்காரன்:
கொழிஞ்சாம்பாறையில் ஞாயிறு மதியம் ஆறு பேர் சேர்ந்து போக்கர் ஆடுகிறோம். ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, தரையில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). காசு கிடையாது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. முதலில் எல்லாவற்றையும் விட்டவர் எல்லாருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும். ஆறு வாரத்தில் நான்கு முறை நான்தான் கழுவியிருக்கிறேன். அதனால் கேட்கிறேன்.

என் பிரச்சினை ஒற்றை ஜோடி. அதுவும் நல்ல ஒற்றை ஜோடி. ஏஸ்-ராஜா கையில் இருக்கும்போது ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது (டாப் பேர், தரையின் பெரிய சீட்டோடு ஜோடி), அல்லது கையிலேயே இரண்டு ராஜா இருந்து தரையில் அதைவிடப் பெரிய சீட்டு இல்லாமல் இருப்பது. இந்த மாதிரிக் கை வந்தால்தான் எனக்கு நஷ்டம். மோசமான கை வந்தால் கீழே வைத்துவிடுகிறேன், நிம்மதி.

முதல் கை. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயம் போடுவது, 1-2. எனக்கு இஸ்பேட் ஏஸ், டைமன் ராஜா. 8 என்று ஏற்றினேன். பட்டனில், அதாவது கடைசியாக ஆடும் இடத்தில், இருந்த பக்கத்து வீட்டுத் தம்பியும் பெரிய பிளைண்ட் போட்டவரும் வந்தார்கள். நடுவில் சேர்ந்த குவியல்தான் பாட். பாட்டில் 25. ஃப்ளாப் ஆட்டின் ஏஸ், ஆட்டின் ஒன்பது, கிளாவர் ஆறு. ஆளை விரட்டிவிடக் கூடாது என்று 8 மட்டும் போட்டேன். இரண்டு பேரும் கால், அதாவது அதே அளவு போட்டு வந்தார்கள். பாட் 49. டர்னில் டைமன் இரண்டு. 15 போட்டேன், தம்பி மட்டும் வந்தான். ரிவரில் ஆட்டின் ஐந்து. நான் செக் செய்ததும் (ஒன்றும் போடாமல் விட்டதும்) 70 கொட்டையை முன்னால் தள்ளினான். பயமுறுத்துகிறான் என்று நினைத்துக் கால் செய்தேன். ஆட்டின் ஜாக்கியும் ஆட்டின் பத்தும் காட்டினான்.

சரி, சின்னதாகப் போட்டதுதான் தப்பு என்று அடுத்த வாரம் முடிவோடு உட்கார்ந்தேன். இரண்டு ராஜா வந்தது. 8 ஏற்ற, பெரிய பிளைண்டில் இருந்த பெரியப்பா மட்டும் கால். பாட் 17. ஃப்ளாப் ஒன்பது, ஐந்து, இரண்டு. மூன்றும் வேறு வேறு ஜாதி. 14 போட்டேன், கால். டர்னில் ஏழு. 35 போட்டேன். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு 100 என்றார். நான் மிச்சத்தை எல்லாம் தள்ளிவிட்டேன். அவரிடம் இரண்டு ஐந்து.

இப்போது சொல்லுங்கள், எவ்வளவுதான் போடுவது?

நகரி மூக்கு:
தம்பி, முதல் கையில் ஃப்ளாப்பில் சின்னதாகப் போட்டதில் தப்பே இல்லை. இப்போது சிறந்த ஆட்டம் எது என்று கணக்குப் போடும் சால்வர் மென்பொருள்கள் ஏஸ் விழுந்த ஃப்ளாப்பில் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போடுவதைத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. பெரிதாகப் போட்டால் உன்னைவிட மோசமான கை எல்லாம் ஓடிவிடும், உன்னை ஜெயிக்கும் கை மட்டும் உட்கார்ந்திருக்கும்.

நான் ஆப்பில் ஆடிப் பழகியவன். 2020-இல் ஆந்திராவில் ஆன்லைன் போக்கருக்குத் தடை வந்த பிறகு, நகரியிலிருந்து பைக்கில் திருத்தணிப் பக்கம் வந்து ரோட்டோரத்தில் நின்று ஆப்பைத் திறந்த காலம் உண்டு. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்ததும் அதுவும் முடிந்தது. பெட்ரோல் மிச்சம். இப்போது விசைத்தறிக் கூடத்தில் கரண்ட் போகும் நேரத்தில் நான்கு பேர் சும்மா ஆடுகிறோம். உங்கள் புளியங்கொட்டைபோல எங்களுக்குத் தீக்குச்சி.

வாளையார் லோடு:
நான் லாரிக்காரன், கணக்கு தெரியாது. ஆனால் செக்போஸ்ட் தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் வாளையாரில் லாரிகள் நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மணிக்கணக்கில் நிற்போம், வண்டிக்கு அடியில் நிழலில் துண்டை விரித்துச் சீட்டுதான். அங்கே படித்த பாடம் இது. ஃப்ளஷ்ஷுக்கோ (ஒரே ஜாதியில் ஐந்து) ஸ்ட்ரெயிட்டுக்கோ (வரிசையாக ஐந்து) ஒரு சீட்டு பாக்கி வைத்திருப்பவன் லோடு ஏற்றிய வண்டி. அவன் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் வரி கட்ட வேண்டும். உன் ஃப்ளாப்பில் இரண்டு ஆட்டின் கிடக்கிறது, நீ கேட்டை முக்கால்வாசி தூக்கிவிட்டு ‘போய்ட்டு வா ராசா’ என்று கையாட்டியிருக்கிறாய்.

நகரி மூக்கு:
அண்ணா, 8 கொட்டையும் வரிதானே?

கணக்கு மாஷ்:
ரிட்டயரான கணக்கு வாத்தியார், சித்தூர்.

வரிதான். போதுமான வரியா என்று பார்ப்போம். பாட்டில் 25. நீ 8 போட்டதும் 33. பட்டன் தம்பி 8 கொடுத்து அந்த 33-க்கு ஆசைப்படுகிறான். அவன் கொட்டையும் சேர்ந்தால் மொத்தம் 41. அதில் 8 என்பது 19.5 சதவீதம். அந்த அளவு ஜெயித்தாலே அவனுக்கு முதலுக்கு மோசமில்லை. அவனுக்குப் பாக்கி ஆட்டின் 9, அவன் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டிலேயே ஆட்டின் விழ 19.1 சதவீதம். கிட்டத்தட்ட சரியான விலைக்கு விற்றிருக்கிறாய், தள்ளுபடி சேர்க்காமல்.

டர்னில்தான் பெரிய கொடுமை. 49-இல் 15. அவன் 15 கொடுத்து 64-ஐப் பார்க்கிறான். 79-இல் 15, அதாவது 19 சதவீதம். அவனுக்கு 46-இல் 9, அதாவது 19.6. ரிவரில் நீ ஒரு கொட்டைகூடத் தராமல் எழுந்து போயிருந்தாலும் அந்தக் கால் அவனுக்கு நஷ்டமில்லை. நீ 70 வேறு கொடுத்தாய்.

ஃப்ளாப்பில் 18 போட்டிருந்தால்? 18 கொடுத்து 43. 61-இல் 18, 29.5 சதவீதம் வேண்டும். அவனிடம் இருப்பது 19. அப்போதும் அவன் வருவான், தம்பிமார் எல்லாரும் வருவார்கள். வரட்டும். தப்பான விலைக்கு வாங்குகிறவனைக் கடையிலிருந்து யாராவது விரட்டுவார்களா?

ஃப்ளாப்பிலிருந்து இரண்டு சீட்டும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டின் வர 35 சதவீதம். அதைக் காட்டித்தான் பாதிப்பேர் காலை நியாயப்படுத்துகிறார்கள். ஒரே விலையில் இரண்டு சீட்டும் பார்க்கக் கிடைத்தால் மட்டுமே அந்தக் கணக்கு. டர்னில் மறுபடி விலை கேட்டால் அது ஒட்டாது. ஆகவே டர்னிலும் கேட்க வேண்டும்.

நகரி மூக்கு:
மாஷ், எந்தச் சித்தூர்? எங்கள் சித்தூர் என்றால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன்.

கணக்கு மாஷ்:
பாலக்காடு மாவட்டத்தில், நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்துச் சித்தூர். உங்கள் சித்தூருக்கு வர வேண்டிய கூரியர் இரண்டு முறை எனக்கு வந்திருக்கிறது.

மீனாட்சிபுரம் அக்கா:
கணக்கு சரி. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் போக்கர் நேற்று வந்தது. எல்லாரும் 28 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். அதில் ஏலம் கேட்டே பழக்கம், கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது என்ற ஒன்று அந்த ஆட்டத்தில் கிடையாது. போக்கரில் உட்கார்ந்தாலும் அதே குணம்தான். கையில் ஒரு ஏஸ் இருந்தால், கூட மூன்று இருந்தாலும் நான்கு இருந்தாலும், ரிவர் வரை வருவார்கள். என் நாத்தனார் ஏஸ்-நான்கை வைத்துக்கொண்டு மூன்று தடவை கால் செய்வாள். 28-இல் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கு வெறும் 1 புள்ளி. அந்த ஏஸுக்கு இங்கே ராஜமரியாதை என்றதும் ஒரு புது மயக்கம்.

இப்படிப்பட்டவர்களிடம் ‘பெரிதாகப் போட்டால் ஓடிவிடுவார்கள்’ என்று பயப்படுவது அர்த்தமில்லை. 8-க்கு வருகிறவள் 18-க்கும் வருகிறாள். அப்புறம் எதற்கு 8?

கணக்கு மாஷ்:
அக்கா சொன்னதை எண்ணிப் பார்க்கலாம். பாறைக்காரனிடம் ஒரு ஏஸ், தரையில் ஒரு ஏஸ். பாக்கி இரண்டு. எதிரி எந்த ஏஸோடும் வருகிறவர் என்றால், ஏஸ்-ராணி என்ற கை 2 × 4 = 8 விதமாக அமையலாம். ஜாக்கி, பத்து, எட்டு, ஏழு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு எல்லாவற்றுக்கும் அதேபோல எட்டெட்டு. மொத்தம் 72 கைகள், எல்லாம் பாறைக்காரனிடம் தோற்பவை. ஏஸ்-ஒன்பதும் ஏஸ்-ஆறும் இரண்டு ஜோடி, 6 + 6 = 12. இரண்டு ஒன்பது 3 விதம், இரண்டு ஆறு 3 விதம், இரண்டு ஏஸ் 1 விதம். ஒன்பது-ஆறை வைத்துக்கொண்டு வரும் பைத்தியங்களை விட்டுவிடுவோம். 72-க்கு எதிரே 19. இதற்கு மேல் ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருக்கும் கைகள், அவையும் காசு கட்டுகிறவை. மூன்று தடவை போடுவதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கவனி, எதிரி ஏஸ்-பத்துக்குக் கீழே எல்லாவற்றையும் முதலிலேயே எறிந்துவிடும் ஆளாக இருந்தால் இந்த 72 வெறும் 24 ஆகிவிடும். அப்போது மூன்றாவது தடவை போடும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நகரி மூக்கு:
ஒத்துக்கொள்கிறேன், பாதி. சால்வர் கணக்கு பெரும்பாலும் ஒரே ஒரு எதிரிக்கு, அவனும் சரியாக ஆடுகிறவன் என்று வைத்துக்கொண்டு போடுவது. இங்கே இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், தரையில் இரண்டு ஆட்டின். அது பெரிதாகப் போட வேண்டிய தரைதான்.

ஆனால் ஏஸ், ஏழு, இரண்டு, மூன்றும் வேறு வேறு ஜாதி என்று விழுந்திருந்தால் நான் மூன்றில் ஒரு பங்குதான் போடுவேன். யாரும் மாற்ற முடியாது. அங்கே வரி வசூலிக்க லோடு வண்டியே இல்லை. ஒன்று ஏஸ் இருக்கிறது, அல்லது ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதவனிடமும் ஒரு 8 கொட்டை வாங்கிக்கொள்ளலாமே.

மீனாட்சிபுரம் அக்கா:
ஏஸ் இருக்கிறவளிடம் 18 வாங்குவதை விட்டுவிட்டு, ஒன்றும் இல்லாதவளிடம் 8 வாங்கப் போகிறீர்கள். தறிக்காரருக்கு வியாபாரம் தெரியவில்லை.

நகரி மூக்கு:
அக்கா, உங்கள் நாத்தனாரை நகரிக்கு அனுப்புங்கள், நானும் 18 போடுகிறேன்.

வாளையார் லோடு:
நான் அக்கா கட்சி. பாறை, ஒன்று கேட்கிறேன். இரண்டாவது கையில் பெரியப்பா இதுவரை எப்போதாவது டர்னில் சும்மா ஏற்றிக் காட்டியிருக்கிறாரா?

பாறைக்காரன்:
பெரியப்பாவா? மொய் எழுதும்போது 501-ஆ 251-ஆ என்று நோட்டுக்காரனையே காத்திருக்க வைப்பவர். ஒன்றும் இல்லாமல் 100 கொட்டை தள்ள மாட்டார்.

வாளையார் லோடு:
அப்புறம் எதற்குத் தம்பி தள்ளினாய்?

பாறைக்காரன்:
இரண்டு ராஜா அண்ணா. எப்படிக் கீழே வைப்பது?

நகரி மூக்கு:
இதற்குப் போக்கர் ஆட்டக்காரர்கள் மத்தியில் ஒரு பெயரே உண்டு, பலூகா தேற்றம். இணையத்தில் அந்தப் புனைபெயரில் எழுதிய ஒரு ஆட்டக்காரர் சொன்னது. டர்னில் உன்மேல் ஒருவர் ஏற்றினால், ஒற்றை ஜோடியின் மதிப்பை மறுபடி எடை போடு. அவ்வளவுதான். ஃப்ளாப்பில் ஏற்றுகிறவன் டிராவை, அதாவது ஒரு சீட்டு பாக்கி இருக்கும் கையை, வைத்தும் ஏற்றுவான், கோபத்திலும் ஏற்றுவான். ஃப்ளாப்பில் அமைதியாகக் கால் செய்துவிட்டு டர்னில் எழுந்து நிற்கிறவனிடம் பெரும்பாலும் சரக்கு இருக்கும்.

உன் டர்ன் சீட்டும் மோசம். ஏழு விழுந்ததும் எட்டு-ஆறு வைத்திருந்தவனுக்கு ஐந்திலிருந்து ஒன்பது வரை ஸ்ட்ரெயிட் முடிந்துவிட்டது. ஒன்பது-ஏழு இரண்டு ஜோடி. ஒன்பது, ஐந்து, இரண்டு, ஏழு, இதில் எது ஜோடியாகக் கையில் இருந்தாலும் செட், அதாவது ஒரே எண் மூன்று.

கணக்கு மாஷ்:
அந்த இடத்தில் தள்ளுவதன் விலையைப் பார். ஃப்ளாப்புக்குப் பிறகு உன்னிடம் 178, பாட் 45. இருவரும் எல்லாம் போட்டால் மொத்தம் 401. டர்னில் ஏற்கெனவே போட்ட 35 போக, நீ புதிதாகப் போடுவது 143. அவர் கால் செய்யும் நேரங்களில் நீ சுமார் 36 சதவீதம் ஜெயித்தாக வேண்டும். அவரிடம் இரண்டு ஐந்து, உன்னைக் காப்பாற்ற 2 ராஜா மட்டும், 44-இல் 2. நாலரை சதவீதம். இரண்டு ஜோடியாக இருந்தால் கொஞ்சம் பரவாயில்லை. உதாரணமாக ஒன்பது-ஏழு என்றால் இரண்டு ராஜாவோடு மூன்று ஐந்தும் மூன்று இரண்டும் உன்னைக் காப்பாற்றும், 44-இல் 8. அதுவும் 18 சதவீதம்தான். எட்டு-ஆறு என்றால் பூஜ்யம். 36-ஐத் தொட வேண்டுமானால் பெரியப்பா ராணி ஜோடியோ ஜாக்கி ஜோடியோ வைத்துக்கொண்டு அடிக்கடி 100 போடுகிறவராக இருக்க வேண்டும்.

வாளையார் லோடு:
மாஷே, டர்னில் ஏற்றினால் பாறை பயந்து வைத்துவிடுவான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால்? எல்லாரும் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்களே.

கணக்கு மாஷ்:
ஆரம்பிக்கட்டும். அன்றைக்குக் கால் செய்யத் தொடங்கலாம். பெரியப்பா மாறுவதற்குள் எனக்குப் பேரன் கல்யாணமே முடிந்துவிடும்.

இன்னொரு அளவுகோல் இருக்கிறது, ஆட்டம் தொடங்கும்போதே பார்க்க வேண்டியது. ஃப்ளாப் விழுந்ததும் கையிருப்பைப் பாட்டால் வகுத்துப் பார். உன் இரண்டாவது கையில் 192-ஐ 17-ஆல் வகுத்தால் 11-க்கு மேல். முதல் கையில் 192-ஐ 25-ஆல் வகுத்தால் ஏழே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. பாட் அளவுக்கே இரண்டு தடவை போட்டால் தீர்ந்துவிடும் கையிருப்பு என்பது பாட்டைப்போல 4 மடங்கு, முதல் தடவை 1, அடுத்தது 3. மூன்று தடவை என்றால் 1, 3, 9, ஆகமொத்தம் 13. விகிதம் 4-க்குக் கீழே என்றால் டாப் பேரை வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தள்ளலாம், பெரிய தவறாகாது. 11, 12 என்று இருக்கும்போது ஒற்றை ஜோடிக்கு முழுக் கையிருப்பும் போய்ச் சேர்ந்தால், எதிரே இருப்பவரிடம் அதைவிடப் பெரிய சாமான் இருந்துதான் போய்ச் சேர்ந்திருக்கும். நீ தொடங்கிப் போடுவது ஒன்று, அவர் ஏற்றி நீ தொடர்வது வேறு. முதலாவதில் கஞ்சத்தனம் வேண்டாம், இரண்டாவதில் வீராப்பு வேண்டாம்.

மீனாட்சிபுரம் அக்கா:
ரிவரைப் பற்றியும் சொல்லுங்கள் மாஷே. முதல் கையில் ஆட்டின் ஐந்து விழுந்த பிறகு 70-க்குக் கால் செய்ததுதான் எனக்குப் பெரிய தப்பாகத் தெரிகிறது. ஃப்ளாப்பில் கால், டர்னில் கால், ஆட்டின் விழுந்ததும் முதல் தடவையாகத் தானே முந்திப் போடுகிறான். அதைவிடத் தமிழில் எப்படிச் சொல்வது?

கணக்கு மாஷ்:
அதேதான். பாட் 79, அவன் 70. நீ 70 கொடுத்து 149-ஐப் பிடிக்க வேண்டும், 32 சதவீதம். அதாவது மூன்றில் ஒரு தடவை அவன் சும்மா போட்டிருக்க வேண்டும். எந்தத் தம்பி போடுவான் அப்படி? ஒரு சின்ன விஷயம் கூட. உன் ராஜா டைமனாக இல்லாமல் ஆட்டினாக இருந்திருந்தால் ஃப்ளஷ் கைகள் கொஞ்சம் குறைந்திருக்கும். தரையில் மூன்று போகப் பாக்கி 10 ஆட்டினில் இரண்டிரண்டாக 45 ஜோடி அமையும், உன்னிடம் ஒன்று இருந்தால் 36. அப்போதும் நான் கீழே வைத்திருப்பேன், ஆனால் கொஞ்சம் முனகிக்கொண்டு.

நகரி மூக்கு:
ரிவரில் ஒன்றும் முடியவில்லை என்றால் மறுபடி போட மறக்காதே தம்பி. டிரா எல்லாம் செத்துப்போன ரிவரில் செக் செய்து சும்மா காட்டிவிடும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. ஏஸ்-நான்கு நாத்தனார் அங்கேதான் கடைசித் தவணை கட்டுவார்.

மீனாட்சிபுரம் அக்கா:
நாத்தனாரைப் பற்றி நான் மட்டும்தான் பேசலாம்.

பாறைக்காரன்:
இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். முதல் ஞாயிறு மழை, ஆட்டமில்லை.

நேற்று ஏஸ்-ராணி வந்தது. 8 ஏற்றி இரண்டு பேர், பாட் 25. ஃப்ளாப் ராணி, எட்டு, மூன்று, அதில் இரண்டு டைமன். கை நடுங்கினாலும் 18 போட்டேன். பட்டன் தம்பி மட்டும் கால், பாட் 61. டர்னில் கிளாவர் நான்கு, 42 போட்டேன், மறுபடி கால். ரிவரில் இஸ்பேட் ஆறு. டைமன் வரவில்லை. பாட் 145. பழைய ஆளாக இருந்தால் செக் செய்திருப்பேன். 60 போட்டேன். ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துவிட்டுக் கால் செய்தான். ராணி-பத்து. இந்த ஒரு கையில் அவனிடமிருந்து மட்டும் 128 கொட்டை. அக்காவுக்கு நன்றி.

அப்புறம் பெரியப்பா. எனக்கு இரண்டு ஏஸ், அவர் மட்டும் எதிரே. ஃப்ளாப்பில் ஜாக்கி, ஏழு, நான்கு. 12 போட்டேன், கால். டர்னில் இன்னொரு ஏழு. 30 போட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், 90 என்றார். மாஷ் சொன்ன வகுத்தல் நினைவுக்கு வந்தது. விகிதம் 11. இரண்டு ஏஸையும் கீழே வைத்தேன். வயிறு எரிந்தது.

காட்டச் சொன்னேன், காட்டவில்லை. நேற்று டம்ளர் கழுவியது பட்டன் தம்பி. பக்கத்தில் பெரியப்பா நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மெதுவாகப் போய், “ஏழு இருந்ததா பெரியப்பா?” என்று கேட்டேன். “டம்ளரில் சோப்பு போகவில்லை பார்” என்றார்.

வாளையார் லோடு:
ஏழு இருந்தது.

நகரி மூக்கு:
ராஜா-ராணி. எழுதி வைத்துக்கொள்.